ரசிகனை உள்ளே விடாதே!

நாலு ரசிகர்கள் ஓரிடத்தில் கூடினால் முதல் காரியமாக ஒரு சங்கம் ஆரம்பிப்பார்கள். இரண்டாவது காரியமாக அந்த நாலு பேரில் ஒருவனை நீக்குவார்கள். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ஆண்டுதோறும் 1,30,000 பேருக்கு மேல் கூடுகிற காமிக்-கானைப் பார்ப்பவர்கள், படக்கதைமேலும் விண்வெளிக் கதைமேலும் கொண்ட தூய அன்பால் இது வளர்ந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அன்பும் இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் ஆதியிலிருந்து இன்றுவரை முக்கியமான சம்பவம் எல்லாம் நடந்த இடம் ஒன்றே ஒன்று: வாசல். யார் உள்ளே, யார் வெளியே, யார் அசல் ரசிகன், யார் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவன் என்ற தகராறுதான் இந்த மாநாடுகளின் வரலாறு. வெளியே நிறுத்தப்பட்டவன் எப்படியும் உள்ளே வந்துவிடுவான். வந்த கையோடு, தனக்கு அடுத்து வருகிறவனை மறிக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான்.

பத்து டாலர் பாக்கி

எல்லாம் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் செய்த வேலை. லக்சம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு வந்து வானொலிச் சாமான் விற்றுக்கொண்டிருந்த இந்த மனிதர், 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்று அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களைப் போடும்போது எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்துப் போட்டார். வினை அங்கேதான் தொடங்கியது. வீட்டார் திட்டத் திட்ட விண்கலக் கதை படித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு, தன்னைப் போலவே உருப்படாத இன்னொருவன் மூன்று தெரு தள்ளி இருக்கிறான் என்று தெரிந்துபோயிற்று. தேடிப்போய்ப் பார்த்தார்கள். பார்த்ததும் சண்டை போட்டார்கள்.

கெர்ன்ஸ்பேக்குக்கு முதல் பத்திரிகை கையைவிட்டுப் போனது. இன்னொன்று ஆரம்பித்து, 1934-இல் அதன் சார்பில் ஒரு ரசிகர் சங்கமும் கண்டார். ஊருக்கு ஊர் கிளை, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் என்று எல்லாம் தடபுடல். எழுதியவனுக்குக் காசு கொடுப்பது மட்டும் அவருக்கு ஆகாத காரியம். டொனால்ட் வோல்ஹைம் என்ற பத்தொன்பது வயசுப் பையனின் கதை அந்த வருஷம் அச்சாயிற்று. சேரவேண்டியது 10 டாலர். வரவில்லை. பையன் சும்மா இருக்கிற ரகமில்லை. இதே போலப் பாக்கி விழுந்திருந்த மற்ற எழுத்தாளர்களையும் சேர்த்துக்கொண்டு வக்கீல் வைத்தான். கடைசியில் எல்லோருக்குமாக 75 டாலருக்குப் பேசி முடித்தார்கள். இதற்குப் பிறகும் வோல்ஹைம் வேறொரு புனைபெயரில் அதே கெர்ன்ஸ்பேக்குக்கு ஒரு கதை அனுப்பினார். அவர் அதையும் அச்சிட்டார். அதற்கும் காசு கொடுக்கவில்லை. இரண்டு பேருமே கொள்கைப் பிடிப்புள்ளவர்கள்.

1935-இல் சங்கத்திலிருந்து வோல்ஹைமை நீக்கினார்கள். கூடவே அவருடைய கூட்டாளிகளான ஜான் மிஷெலையும் வில்லியம் சைகோராவையும் நீக்கினார்கள். சைகோரா என்ற இந்தப் பெயரை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாலே வருஷத்தில் ஐயா வாசல் காக்க வருவார்.

யார் முந்தி?

1936 அக்டோபரில் நியூயார்க் பையன்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போனார்கள். அங்கே இருந்த ரசிகர்களைப் பார்த்தார்கள், ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள், திரும்பி வந்தார்கள். இரண்டு கை விரல்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும் கூட்டம். நம் ஊரில் இதைப் பெண்பார்க்கும் படலம் என்று சொல்வதற்குக்கூட ஆள் பத்தாது. அவர்கள் இதை மாநாடு என்றார்கள். தலைவர் வோல்ஹைம், செயலாளர் ஃபிரெடெரிக் போல்.

காரணம் இருந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ரசிகர்கள் ஒரு மாநாட்டுக்கு நாள் குறித்திருந்தார்கள். 1937 ஜனவரி 3. அறிவித்து, மண்டபம் பிடித்து, ஒழுங்காகச் செய்தார்கள். மண்டபம் என்றால் அங்கிருந்த தியாசபிகல் ஹால். ஆமாம், நம் அடையாறு ஆலமரத்தடியைத் தலைமையகமாகக் கொண்ட அதே பிரம்மஞான சபையின் லீட்ஸ் கிளைதான். ஆவியோடு பேசுகிறவர்களுக்கு இடம் கொடுத்த கட்டடம் செவ்வாய்க்காரர்களோடு பேசுகிறவர்களை விரட்டுமா? அன்று அங்கே வந்தவர்களில் ஒரு பத்தொன்பது வயசுப் பையனும் உண்டு. பெயர் ஆர்தர் சி. கிளார்க். பின்னால் 1956-இல் இலங்கைக்குக் குடிபோய், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டவர்.

உலகத்தின் முதல் ரசிகர் மாநாடு ஃபிலடெல்ஃபியாவா, லீட்ஸா? இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அமெரிக்கர்கள் தேதியைக் காட்டுவார்கள். ஆங்கிலேயர்கள் மண்டபத்தைக் காட்டுவார்கள். இரண்டு மாநாட்டுக் கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இரண்டு பந்திக்குக் காணாது என்பதை இரு தரப்பும் கண்டுகொள்வதில்லை.

மஞ்சள் நோட்டீஸ்

1939-இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. தலைப்பு: நாளைய உலகம். சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று ரசிகர்கள் தங்கள் கூட்டத்துக்கும் 'உலக' அறிவியல் புனைகதை மாநாடு என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே அமெரிக்கர்கள். ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை, மன்ஹாட்டன் 59-ஆம் தெருவில் கேரவன் ஹால் என்ற மண்டபம். இருநூறு பேர் போல வந்திருந்தார்கள்.

அமைப்பாளர்கள் மூன்று பேர்: சாம் மாஸ்கோவிட்ஸ், ஜேம்ஸ் டாரசி, நீங்கள் முடிந்து வைத்திருக்கும் வில்லியம் சைகோரா. மாஸ்கோவிட்ஸுக்கு 19 வயது நிறைந்து அன்றைக்கு இரண்டே நாள். எதிர்க்கட்சி, வோல்ஹைம் தலைமையிலான 'ஃபியூச்சரியன்ஸ்' என்ற குழு. இவர்கள் இடதுசாரிகள். விண்கலக் கதை படிப்பவன் வெறுமனே விண்கலக் கதை படித்தால் போதாது, உலகத்தையும் மாற்ற வேண்டும் என்பது இவர்கள் கட்சி. கதையில் அரசியல் எதற்கு என்பது அவர்கள் கட்சி. இரண்டு பக்கமும் பெரும்பாலும் மீசை சரியாக முளைக்காத பிள்ளைகள். ஒருவரையொருவர் சர்வாதிகாரி என்றும் கம்யூனிஸ்ட் என்றும் சாடிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் நிஜ சர்வாதிகாரி ஒருவர் போலந்துக்குள் படையோடு நுழைய இன்னும் இரண்டு மாசம் இருந்தது. இவர்களுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம்.

காலையில் மண்டபத்தைச் சுற்றி வந்த மாஸ்கோவிட்ஸ், வெப்பக் குழாய் அடுக்கின் பின்னால் ஒரு கட்டு நோட்டீஸ் ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். மஞ்சள் தாள். 'எச்சரிக்கை' என்று ஆரம்பித்து, இந்த மூவரின் சர்வாதிகாரத்தை நம்பாதீர்கள் என்று போனது. போதாதா? வாசலிலேயே நின்றுகொண்டு, கலாட்டா பண்ண மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். சிலர் கொடுத்தார்கள், உள்ளே போனார்கள். ஆறு பேர் முடியாது என்றார்கள்: வோல்ஹைம், போல், மிஷெல், ராபர்ட் லௌண்டெஸ், சிரில் கார்ன்ப்ளூத், ஜாக் கில்லெஸ்பி. கார்ன்ப்ளூத்துக்கு அன்றைக்குத்தான் பதினாறு நிறைந்தது. 1935-இல் மிஷெலோடும் வோல்ஹைமோடும் சேர்ந்து நீக்கப்பட்ட அதே சைகோரா, இப்போது அதே இருவரையும் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே அமைப்பாளராக வீற்றிருந்தார். ரசிகர் வரலாறு இந்த நிகழ்ச்சிக்கு வைத்திருக்கும் பெயர் 'மாபெரும் விலக்கல்'. ஆறு பேர்.

இதில் வேடிக்கை, அந்த மஞ்சள் நோட்டீஸை எழுதி அச்சடித்தவர் டேவிட் கைல். அவரை யாரும் தடுக்கவில்லை. குற்றவாளி உள்ளே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் எதிர்சாரியில் வெயில் காய்ந்தார்கள். இன்னொரு ஃபியூச்சரியன், அப்போதுதான் முதல் கதை அச்சாகியிருந்த ஐசக் அசிமோவ், சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். நண்பர்கள் வெளியே நிற்கிறார்களே என்று தனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாகப் பின்னால் எழுதினார். உறுத்தலோடேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே நின்றவர்கள் என்ன ஆனார்கள்? வருஷம் திரும்புவதற்குள் போல் இரண்டு தொழில்முறைப் பத்திரிகைகளுக்கு ஆசிரியராகிவிட்டார். வாசலில் மறிக்கப்பட்ட பையனிடம் மற்றவர்கள் கதையை நீட்டி நிற்கவேண்டிய நிலை. கார்ன்ப்ளூத்தும் அவரும் சேர்ந்து பேர்பெற்ற நாவல்கள் எழுதினார்கள். வோல்ஹைம் அமெரிக்க அறிவியல் புனைகதைப் பதிப்பாளர்களில் பெரிய தலையானார். ஏஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தபோது 1965-இல் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகத்தையும் ஆசிரியரைக் கேட்காமல், உரிமைத்தொகை கொடுக்காமல், மலிவுப் பதிப்பாகப் போட்டார். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓர் ஓட்டை கண்ணில் பட்டதாம். டோல்கீன் வாசகர்களிடம் முறையிட்டு, ஊரெல்லாம் ஏசிய பிறகுதான் பணம் வந்தது. 10 டாலருக்காக வக்கீல் வைத்த அதே பையன்தான்.

உள்ளே இருந்த மாஸ்கோவிட்ஸ் என்ன செய்தார்? வரலாறு எழுதினார். 'தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்' என்ற தடிப் புத்தகம், முழுக்க முழுக்க 1930-களின் ரசிகர் சண்டைகளைப் பற்றியது மட்டுமே. இரண்டாம் உலகப்போரின் வரலாற்றைப் படித்த கையோடு இதை எடுத்தாலும் சப்பென்று இருக்காது என்று சக ரசிகர் ஹாரி வார்னர் அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்.

பச்சை அங்கி

வாசலில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து இருவர் வந்து சேர்ந்தார்கள். ஃபாரஸ்ட் அக்கர்மேன், மோரோஜோ என்ற பெயரால் அறியப்பட்ட மிர்ட்டில் டக்ளஸ். இருவரும் எஸ்பெராண்டோ மொழிப் பைத்தியங்கள். எதிர்காலத்து மனிதர்களைப் போல உடுத்தி வந்திருந்தார்கள். 'திங்ஸ் டு கம்' என்ற படத்தையும், ஓவியர் ஃபிராங்க் பால் பத்திரிகை அட்டையில் வரைந்தவற்றையும் பார்த்து மோரோஜோ தன் கையால் தைத்த உடைகள். அக்கர்மேனுக்குப் பச்சை அங்கி, தொளதொள கால்சட்டை. மாநாட்டுக்கு எல்லோருமே இப்படி வேஷம் கட்டித்தான் வருவார்கள் என்று அக்கர்மேன் நினைத்துக்கொண்டிருந்தாராம். அங்கே போனால் மற்ற எல்லோரும் கோட்டும் டையும். ஜூலை மாசத்து நியூயார்க் புழுக்கத்தில் அந்தக் கோலத்தோடு மன்ஹாட்டன் தெருவில் நடந்தார். ஃப்ளாஷ் கார்டன் வருகிறான், பக் ராஜர்ஸ் வருகிறான் என்று சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன.

இன்று லட்சக்கணக்கானவர்கள் செய்யும் காஸ்ப்ளே என்ற வேஷக் கலைக்கு ஆதி மூலம் அதுதான். வெகுகாலம் அதற்கான பேரெல்லாம் அக்கர்மேனுக்கே போயிற்று. ஊசியும் நூலும் பிடித்து இரண்டையும் தைத்த மோரோஜோ, நிற்பவர் பக்கத்தில் நிற்பவராகவே புகைப்படத்தில் இருந்தார். கதவு மூடுவதில் இது ஒரு தினுசு. உள்ளே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வெளியே நிறுத்துவது.

அடுத்த வருஷம் சிகாகோ மாநாட்டில் மாறுவேடப் போட்டியே வைத்தார்கள். 'மிங்' என்ற கொடுங்கோலனாக வேஷம் கட்டிப் பரிசு வாங்கியவர் டேவிட் கைல். அதே மஞ்சள் நோட்டீஸ் கைல். உடையைத் தயாரித்தவர் லெஸ்லி பெர்ரி என்ற பெண். நான் மேலே சொன்ன தினுசு ஒரே வருஷத்தில் வழக்கமாகிவிட்டது.

1939 கூட்டத்தில் இன்னொரு பதினெட்டு வயசுப் பையனும் இருந்தான். லாஸ் ஏஞ்சலிஸ் தெருமுனையில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்தவன், அக்கர்மேனிடம் கடன் வாங்கி பஸ் ஏறி வந்தவன், ரே பிராட்பரி. தன் கதை விலைபோகாத நிலையில், நண்பன் ஹானஸ் போக் வரைந்த படங்களைக் கட்டிக்கொண்டு வந்து பத்திரிகை ஆசிரியர்களிடம் காட்டி, நண்பனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான். இந்த வரலாறு முழுக்கத் தேடினாலும் இன்னொருவனுக்காகக் கதவு தட்டியவன் அகப்படுவது அபூர்வம். ஆகவே இதைக் குறித்துவைப்பது நல்லது.

அடித்தளத்துப் பையன்கள்

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்துக் கதை ரசிகர்கள். படக்கதைக்காரர்களை இவர்கள் வாசற்படிகூட மிதிக்க விடமாட்டார்கள். படம் பார்க்கிறவனெல்லாம் படிக்கத் தெரியாதவன் என்று ஒரு மிதப்பு. ஆகவே படக்கதை ரசிகர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். 1964 ஜூலை 27 அன்று நியூயார்க்கில் பெர்னி பப்னிஸ் என்ற விடலைப் பையனும் சகாக்களும் ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். 'ஸ்பைடர்மேன்' வரைந்த ஸ்டீவ் டிட்கோ வந்தார். அவர் வெளியே முகம் காட்டுவதே அரிது. இதற்கு முதல் டிக்கெட் வாங்கியவன் நான்தான் என்று பின்னாளில் மார் தட்டியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். சிம்மாசனத்துக்காக ஆயிரம் பக்கம் அடித்துக்கொள்ளும் கதை எழுதியவருக்கு எங்கிருந்து பயிற்சி கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

சான் டியேகோவுக்கு வருவோம். டெட்ராயிட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஷெல் டார்ஃப் என்ற முப்பது சொச்ச வயது மனிதர், உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ரிச்சர்ட் ஆல்ஃப் தபாலில் பழைய காமிக்ஸ் விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தவர். முதல் போட்டது அந்தப் பையன்தான். பெரியவர் யோசனை சொல்ல, சின்னவன் பணம் கட்டினான். 1970 மார்ச் 21 அன்று யு.எஸ். கிராண்ட் ஹோட்டலின் அடித்தளத்தில் ஒரு நாள் ஒத்திகை. சிறப்பு விருந்தினர் வேறு யார், நம் பச்சை அங்கி அக்கர்மேன்தான். ஏறத்தாழ நூறு பேர் வந்தார்கள். தைரியம் வந்து, ஆகஸ்ட் 1 முதல் 3 வரை முழு மாநாடு. முந்நூறு பேர். மேடையில் ஓவியர் ஜாக் கர்பியும், கடன் வாங்கி பஸ் ஏறிய காலம் மலையேறிப்போய் உலகப் புகழ் பெற்றிருந்த ரே பிராட்பரியும்.

என்றாவது ஒரு நாள் ஹாலிவுட்காரர்கள் அடுத்த படத்துக்குச் சரக்குத் தேடி இங்கேதான் வருவார்கள் என்று கர்பி அந்தக் காலத்திலேயே சொன்னதாகக் காமிக்ஸ் எழுத்தாளர் மார்க் எவனியர் நினைவுகூர்கிறார். அடித்தளத்தில் பழைய புத்தகத் தாள் வாசனைக்கு நடுவே நின்று ஒருவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பீநட் பட்டர் சட்டம்

மாநாட்டுக்கு விதிமுறை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்காட் ஷா என்ற ஓவியர், சான் டியேகோ கோஷ்டியின் ஆதி உறுப்பினர்களில் ஒருவர். தன் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டே கையெழுத்திடுவார். 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த உலக மாநாட்டின் மாறுவேடப் போட்டியில், தானே படைத்த படக்கதைப் பாத்திரமாக வந்தார். அந்தப் பாத்திரம், மனிதன் தினமும் காலையில் கழிப்பறையில் விட்டுவிட்டு வருகிற பொருள். நிறத்துக்கும் பதத்துக்கும் என்ன செய்வது? உடம்பெல்லாம் பீநட் பட்டரை அப்பிக்கொண்டார்.

முதல் பத்து நிமிஷம் கைதட்டல் பலமாக இருந்திருக்கும். மேடை விளக்கின் சூட்டில் வேர்க்கடலை எண்ணெய் கசியத் தொடங்கியது. பிறகு சிக்கு வாடை. பக்கத்தில் நின்றவர்கள் மாசக்கணக்கில் தைத்த உடைகளில் ஒட்டியது, ஹோட்டலின் மெத்தை இருக்கைகளில் ஒட்டியது. வேஷம் தத்ரூபமாக அமைந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மனிதர் எங்கே போனாலும் கூட்டம் தானாக வழிவிட்டது.

அன்றிலிருந்து அந்த மாநாடுகளின் மாறுவேட விதிகளில் 'பீநட் பட்டர் கூடாது' என்ற வரி ஏறிவிட்டது. சாப்பாட்டுச் சாமான், ஒட்டுகிற சாமான், நாறுகிற சாமான் எதையும் பூசிக்கொண்டு வரக்கூடாது. அரசியல் சொன்னதற்காக ஆறு பேரை வெளியே தள்ளிய கூட்டம், முப்பத்து மூன்று வருஷம் கழித்து ஒருவழியாக நியாயமான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தது.

பெண்கள் வந்துவிட்டார்கள்

அதே 1972, ஜனவரி 21 முதல் 23 வரை நியூயார்க்கின் ஸ்டேட்லர் ஹில்டன் ஹோட்டலில் 'ஸ்டார் ட்ரெக்' மாநாடு. அந்தத் தொலைக்காட்சித் தொடர் மூன்று வருஷத்துக்கு முன்பே நின்றுபோன சங்கதி. செத்த தொடருக்கு யார் வரப்போகிறார்கள் என்று சில நூறு பேருக்குத்தான் ஏற்பாடு. மூவாயிரம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். படைப்பாளி ஜீன் ராடன்பெரி வந்தார், நாசா காட்சிப்பொருள் கொடுத்தது, மேடையில் அசிமோவ். முன்னின்று நடத்தியவர்களில் பெண்கள், வந்த கூட்டத்திலும் பெண்கள். இதைக் கண்ட பழைய எழுத்து ரசிகர்களுக்கு வயிறு எரிந்தது. டிவி பார்க்கிறவனெல்லாம் ரசிகனா? இவர்களை 'ட்ரெக்கி' என்று அழைத்து, ஏளனம் செய்து, தனியே ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுங்கியே பெருகினார்கள்.

1976-இல் சான் டியேகோவில் சார்லஸ் லிப்பின்காட் என்ற விளம்பர மனிதர், காமிக்ஸ்காரர்கள் ராய் தாமஸ், ஹாவர்ட் சேக்கின் இருவரையும் கூட்டிவந்து மேடையேறினார். அடுத்த வருஷம் வரப்போகும் ஒரு விண்வெளிப் படத்தின் ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டினார். சேக்கின் வரைந்த சுவரொட்டி ஒன்றும் விற்பனைக்கு வைத்தார்கள். விலை 1 டாலர். ஒரு டாலரா என்று யோசித்தவர்கள் உண்டு. படத்தின் பெயர் 'ஸ்டார் வார்ஸ்'. அன்று யோசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தச் சுவரொட்டிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்று அழுகிறார்கள்.

அதிலிருந்து ஹாலிவுட் நுழைந்தது. காமிக்ஸ் ரசிகன் 'சினிமாக்காரன் வந்து கெடுத்துவிட்டான்' என்றான். 2009-இல் 'ட்வைலைட்' படத்துக்காக இளம்பெண்கள் முந்தின நாட்களிலேயே வந்து பாய் விரித்தபோது, 'ட்வைலைட் காமிக்-கானைப் பாழாக்கிவிட்டது' என்று அட்டை பிடித்து நின்றவர்கள் யார்? சினிமா வழியாக உள்ளே வந்தவர்கள். 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடராகக் கறுப்புத் தலைக்கவசம் மாட்டிய நாற்பது வயது மனிதருக்கு, ரத்தக் காட்டேரியைக் காதலிப்பது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது.

ஹால் எச்

சான் டியேகோ மாநாட்டு மையத்தின் பெரிய கூடத்துக்கு ஹால் எச் என்று பெயர். ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வந்திருப்பவர்கள் லட்சத்துக்கு மேல். கணக்கு உதைக்கிறதா? ஆகவே முதல் நாள் இரவே நடைபாதையில் படுக்கை. இதைவிட விசேஷம், ஒரு நிகழ்ச்சி முடிந்தால் கூடத்தைக் காலி செய்யச் சொல்லமாட்டார்கள். ஒரு முறை உட்கார்ந்தால் இரவுவரை அந்த நாற்காலி உங்களுடையது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் நடிகருக்காகக் காலை பத்து மணிக்கே உட்கார்ந்து, நடுவில் ஆறு படத்தின் விளம்பரத்தை விழுங்க வேண்டும். யார் ரசிகன், யார் நாற்காலி காப்பவன் என்று அங்கே பிரித்தறிய முடியாது.

2010-இல் இது முற்றியது. நாற்காலி விஷயமாக இருவருக்கு வாய்த்தகராறு. ஒருவர் கையிலிருந்த பேனாவை இன்னொருவரின் கண்ணுக்குப் பக்கத்தில் குத்திவிட்டார். குத்துப்பட்டவர் நல்லவேளையாகப் பெரிய சேதமின்றித் தப்பினார். குத்தியவரைப் போலீஸ் விலங்கு மாட்டி அழைத்துப்போனது. அவர் அணிந்திருந்தது ஹாரி பாட்டர் சட்டை. அதே நாள், அதே கூடத்தில், நடிகர் ஹாரிசன் ஃபோர்டு முதன்முறையாகக் காமிக்-கானில் தலைகாட்டினார். ரசிகர் கூட்டமென்றால் அவருக்கு ஆகாது என்று ஊரறிந்த பேச்சு. அதை வைத்து ஒரு தமாஷ் செய்தார்கள்: கையில் விலங்கோடு காவலர்கள் அவரை மேடைக்கு இழுத்துவந்தார்கள். ஒரே நாளில் இரண்டு விலங்கு. ஒன்றுக்கு மட்டும் கைதட்டல்.

ஒரு சிறு கோடு

கடைசியாக, வாசலே இல்லாத இடத்திலும் வாசல் கட்டிய கதை. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரத்தில் 2013-இல் ஒரு காமிக் கான் தொடங்கியது. எடுத்த எடுப்பில் பெருங்கூட்டம். அடுத்த வருஷம் அந்த அமைப்பாளர்கள் தங்கள் மாநாட்டின் பெயரை ஒரு ஆடி கார் முழுக்க எழுதி, சான் டியேகோ காமிக்-கான் நடக்கும் நாட்களில் அங்கேயே கொண்டுபோய்த் தெருத் தெருவாக ஓட்டினார்கள். சான் டியேகோகாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'காமிக்-கான்' எங்கள் சொத்து என்பது வாதம். நாடு முழுக்க நூறு ஊரில் இந்தப் பெயரில் நடக்கிறது, இது பொதுச்சொல் என்பது எதிர்வாதம். நடுவில் வரும் சிறு கோடு இருந்தால் ஒரு பொருளா, இல்லாவிட்டால் வேறு பொருளா என்று படித்த வக்கீல்கள் மல்லுக்கட்டினார்கள்.

2017 டிசம்பரில் ஜூரி சான் டியேகோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. கேட்டது 1.2 கோடி டாலர் நஷ்டஈடு. கிடைத்தது 20,000 டாலர். அடுத்த வருஷம் நீதிபதி, வக்கீல் செலவுக்காக மேலும் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கட்டச் சொன்னார். கோடு போட்டும் வைக்கக்கூடாது, கோடு போடாமலும் வைக்கக்கூடாது, காதில் அப்படி ஒலிக்கிற எதையும் வைக்கக்கூடாது என்று தடையும் விதித்தார். சால்ட் லேக்காரர்கள் 'ஃபேன்எக்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் வழக்கம்போல வந்துகொண்டேயிருக்கிறது. அந்த ஊர் ரசிகனுக்குப் பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன, தோளில் வௌவால் இறக்கை சரியாக நிற்கிறதா என்பதுதான் கவலை.

சான் டியேகோவில் இப்போது வாசலில் யாரும் நோட்டீஸ் தேடுவதில்லை. அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டார்கள். முந்தின ஆண்டு வந்தவர்களுக்கு முதல் சுற்றில் டிக்கெட் வாங்க வாய்ப்பு. மிச்சம் மீதி மற்றவர்களுக்கு. குறித்த நேரத்தில் எல்லோரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இணையக் காத்திருப்பு அறை ஒன்றில் நுழைந்து, கணினி குலுக்கிப்போட்டு யாரைக் கூப்பிடுகிறதோ என்று நகம் கடிக்க வேண்டும். முந்தி வந்தவன் உள்ளே என்பதை ஒருவழியாகச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் கிடைக்காதவன் 'காமிக்-கான் முன்ன மாதிரி இல்லை, கெட்டுப்போய்விட்டது' என்பான். கிடைத்தவனும் அதையேதான் சொல்வான், ஆனால் உள்ளே போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட பிறகு.